செய்தவன் யார்?
(இரிசிவந்தியம் வட்டாரத் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரை)



ஆங்கில இலக்கணத்தில் செயப்பாட்டுவினை என்னும் ஒரு சிறு பகுதியே இன்றைய உரையின் பொருள். தமிழ் கேட்க வந்த அவையில் ஆங்கில இலக்கணம் எதற்கு என்று எவரும் மலைக்க வேண்டா. அயன்மொழியை ஐயமறக் கற்றவனே தன் மொழிக்குள் அது புகுந்து செய்யும் கேட்டைக் கண்டுகொள்வான். அரைகுறையாய்க் கற்றவனோ, ஆங்கிலத்தையும் பிழையாக எழுதித் தமிழையும் பிழையாக எழுதுவான். இவ்விரண்டு இழப்பும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நேராதிருக்க வேண்டும்.

இவ்வூரின் பெயரையே முதலில் பாருங்கள். முனிவர்கள் வழிபட்ட இடமாதலின் இரிசிவந்தியம் என்று பெயர் வந்ததாக மக்கள் கூறுவர். ‘வந்தியம்’ என்பது வணங்கத்தக்கது, வணங்கப்படுவது என்னும் பொருளுடைய வடசொல். ‘முனிவரால் வணங்கப்படுவது’ என்பதே அவ்விளக்கப்படி பெயரின் உட்பொருள். இதே கருத்தை ஓர் உழவரிடம் தமிழில் சொல்லச் சொன்னால், ‘முனிவர் வணங்கிய ஊர்’ என்பார். அங்கே ‘ஆல்’ இல்லை, ‘படு’ இல்லை, செய்தவர் முன்னே நிற்கிறார், செயல் அடுத்து வருகிறது, ஊர் இறுதியில் வருகிறது. ஒரே கருத்தை இரு மொழிகள் இருவேறு வாயில்களில் நுழைந்து சொல்லுகின்றன. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

‘வேலன் மடல் எழுதினான்’ என்னும் தொடரில் வேலன் வினைமுதல், மடல் செயப்படுபொருள், வேலனே எழுவாய். இது செய்வினைத் தொடர். ‘மடல் வேலனால் எழுதப்பட்டது’ என்னும் தொடரில் செயப்படுபொருளாகிய மடல் எழுவாயின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வினைமுதலாகிய வேலன் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ உருபேற்று ஒதுங்கி நின்றான். இது செயப்பாட்டுவினைத் தொடர். சிலர் இதனைத் தன்வினை பிறவினையோடு குழப்பிக்கொள்வர். தானே செய்தல் தன்வினை. பிறரைச் செய்வித்தல் பிறவினை. அது வேறு; இது வேறு.

இனி, ஆங்கிலம் இதனை எவ்வாறு ஆக்குகிறது? ‘வேலன் ரைட்சு எ லெட்டர்’ என்பது செய்வினை. இதனை மாற்றப் படிகள் மூன்று. முதற்படி, செயப்படுபொருளாகிய ‘லெட்டர்’ என்பதை முன்னே கொணர்ந்து எழுவாயாக்குதல். இரண்டாம் படி, ‘பீ’ என்னும் துணைவினையைக் காலத்திற்கேற்ற வடிவில் வைத்து, அதனை அடுத்து முதன்மை வினையின் மூன்றாம் வடிவத்தை வைத்தல். மூன்றாம் படி, செய்தவனைச் சொல்ல வேண்டுமாயின் ‘பை’ என்னும் சொல்லை முன்னிட்டு இறுதியில் வைத்தல். ‘எ லெட்டர் ஈசு ரிட்டன் பை வேலன்’ என்று தொடர் அமையும். மூன்றாம் வடிவம் என்பது ‘ரைட், ரோட், ரிட்டன்’ என்னும் வரிசையில் மூன்றாவதாக நிற்பது. இரண்டாவதாகிய ‘ரோட்’ இங்கு வாராது. ‘வாசு ரோட்’ என்று எழுதும் பிள்ளைகள் இந்த ஒன்றை மறந்தவர்களே.

காலமெல்லாம் துணைவினையில்தான் அடங்கியிருக்கிறது. எழுதப்படுகிறது என்பதற்கு ‘ஈசு ரிட்டன்’. எழுதப்பட்டது என்பதற்கு ‘வாசு ரிட்டன்’. எழுதப்படும் என்பதற்கு ‘வில் பி ரிட்டன்’. தொடர்ந்து நிகழ்வதற்கு ‘ஈசு பீயிங் ரிட்டன்’, ‘வாசு பீயிங் ரிட்டன்’ என இரண்டு. முற்றுப்பெற்றதற்கு ‘ஆசு பீன் ரிட்டன்’, ‘ஆட் பீன் ரிட்டன்’, ‘வில் ஆவ் பீன் ரிட்டன்’ என மூன்று. ஆகப் பெருவழக்காய் உள்ளவை 8 வடிவங்கள். எட்டிலும் ‘ரிட்டன்’ அசையாமல் நிற்கிறது. முன்னுள்ள துணைவினைதான் மாறிக்கொண்டே போகிறது.

தமிழிலும் இதே கட்டுத்தான் என்பதைப் பள்ளிகளில் எடுத்துச் சொன்னால் பிள்ளைகள் ஒரு நாளில் கற்பர். ‘எழுத’ என்னும் செயவென் எச்சம் அசையாமல் நிற்கிறது. அதனோடு சேரும் ‘படு’ என்பதே எழுதப்பட்டது, எழுதப்படுகிறது, எழுதப்படும் எனக் காலம் காட்டுகிறது. ஆங்கிலத்தில் துணைவினை முன்னே நிற்கிறது. தமிழில் பின்னே நிற்கிறது. அவ்வளவே. தாய்மொழியின் வழியே அயன்மொழியைக் கற்பித்தால் எத்துணை எளிது என்பதற்கு இஃது ஒரு சான்று.

செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டுவினை இல்லை என்பது இரு மொழிக்கும் பொது விதி. போதல், வருதல், உறங்குதல் ஆகியவற்றை இவ்வாறு மாற்றவியலாது. இவ்விதியை அறியாமல் மாற்றப் புகும் பிள்ளை, இல்லாத ஒன்றைத் தேடி இடர்ப்படுகிறது.

ஆனால் ஆங்கிலத்திற்கு மட்டுமே உரிய வழக்கு ஒன்றுண்டு. ‘ஆசிரியர் மாணவனுக்கு நூல் கொடுத்தார்’ என்பதை ஆங்கிலம் இருவகையாய் மாற்றும். நூலையும் எழுவாயாக்கும், பெற்ற மாணவனையும் எழுவாயாக்கும். பின்னதை அப்படியே பெயர்த்தால் ‘மாணவன் நூல் கொடுக்கப்பட்டான்’ என்றாகும். தமிழில் இஃது உளறல். தமிழ் அங்கே ‘மாணவனுக்கு நூல் கிடைத்தது’ என்று நான்காம் வேற்றுமை கொண்டு இனிது முடித்துவிடும்.

ஆங்கிலத்தார் இவ்வினையை எப்போது ஆள்கின்றனர்? செய்தவன் இன்னான் என்று தெரியாதபோது. தெரிந்தாலும் சொல்லத் தேவையில்லாதபோது. செய்தவனைவிடச் செயப்பட்டதே கருத்தாயிருக்கும்போது. களவு போன வீட்டில் கள்வன் பெயர் தெரியாது. அறிவியல் ஆய்வுரையில் நீரைக் காய்ச்சியவர் யார் என்பது வேண்டாத செய்தி. இவையெல்லாம் நேர்மையான ஆட்சிகள். ‘பை’ இன்றியே வரும் தொடர்கள் ஆங்கிலத்தில் பெரும்பாலன என்பதையும் நினைவிற் கொள்க. நான்காவதாக ஒரு பயனும் உண்டு; செய்தவனை மறைக்க வேண்டியபோதும் இவ்வினை கைகொடுக்கும். அதனைப் பின்னர்க் காண்போம்.

தமிழில் செயப்பாட்டுவினை உண்டா இல்லையா என்பதே ஒரு காலத்தில் வழக்காயிற்று. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இம்மொழிகளில் முறையான செயப்பாட்டுவினை இல்லை என்றார். ஐரோப்பிய மொழிகளிலும் வடமொழியிலும் உள்ள அமைப்பை அளவுகோலாய்க் கொண்டு பார்த்தால் அவ்வாறுதான் தோன்றும். ஆயின் ‘செயப்படுபொருள்’ என்னும் இலக்கணச் சொல்லையே பிரித்துப் பாருங்கள். செய, படு, பொருள். அச்சொல்லுக்குள்ளேயே செயப்பாட்டுவினை இருக்கிறது. அச்சொல் தொல்காப்பியத்தில் இருக்கிறது. ‘எனப்படும்’ என்னும் ஆட்சி தொல்காப்பியத்திலும் உண்டு; திருக்குறளிலும் உண்டு. அதனால் ‘படு’ பிறர் தந்த கடன் அன்று. அதே வேளையில், கால்டுவெல் கூற்றில் ஓர் உண்மையும் உண்டு. தமிழ் மக்கள் தம் பேச்சில் இதனை அரிதாகவே ஆள்கின்றனர். தமிழில் அது பஞ்சத்திற்கு வைத்த விதைநெல் போன்றது; நாள்தோறும் உண்ணும் சோறு அன்று.

‘படு’ என்பதன் முதற்பொருள் உறுதல், வீழ்தல், மேலே தாக்குதல் என்பன. வெயில் படுகிறது, கண்ணிற் படுகிறது, அடி படுகிறது என்பவை இன்றும் வழக்கு. கல்வராயன் மலைக்கு வடக்கே தென்பெண்ணைக்கு அப்பால், செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல்துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. ஆநிரை மீட்கும் போரில் வீழ்ந்த வீரரை அக்கற்கள் ‘பட்டான்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றன. ஒரு செயலைத் தன்மேல் ஏற்றலே ‘படு’. அதனால்தான் பிறன் செயலுக்கு ஆளாதலைக் குறிக்கும் துணைவினையாகவும் அது பொருந்திற்று. இதுபோலவே ‘உண்’ என்பதும் வெட்டுண்டான், கட்டுண்டான் என வரும். கவலைப்பட்டான், ஆசைப்பட்டான் என்பவற்றை மட்டும் இவற்றோடு சேர்க்கலாகாது. அங்கே ‘படு’ பெயரோடு சேர்ந்து நிற்கிறது. செயப்பாட்டுவினையில் செயவென் எச்சத்தோடு சேர்ந்து நிற்கிறது.

ஆங்கிலம் செயப்பாட்டுவினையை நாடும் இடங்களில் தமிழ் வேறு வழிகளை வைத்திருக்கிறது. முதலாவது, செய்தவரைப் பொதுப்படப் பலர்பாலில் சொல்லுதல். ‘சொல்லப்படுகிறது’ என்று ஆங்கிலம் கூறுமிடத்தில் தமிழ் ‘என்பர்’ என்னும். தொல்காப்பியர் தமக்கு முந்திய புலவர் கருத்தை ‘என்ப’ என்றும் ‘என்மனார்’ என்றும் சுட்டுகிறார். சொன்னவர் உளர் என்பது அதில் மறையவில்லை. இரண்டாவது, பெயரெச்சம். அவன் கட்டிய வீடு, அம்மா வைத்த குழம்பு என்பவற்றில் வீடும் குழம்பும் செயப்படுபொருள்கள், ‘படு’ வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது, இணைவினைகள். உடைந்தது–உடைத்தான், கிழிந்தது–கிழித்தான், எரிந்தது–எரித்தான், திருந்தினான்–திருத்தினான் என்று தானே நிகழ்ந்ததற்கு ஒரு வடிவும் ஒருவன் நிகழ்த்தியதற்கு ஒரு வடிவும் தமிழில் உண்டு. ஒரு மெய்யெழுத்து மெலிவதும் வலிப்பதுமாகிய இவ்வளவில் பொருள் முழுதும் மாறிவிடுகிறது.

நான்காவது, செயப்படுபொருளையே செய்தது போல வைத்துச் சொல்லும் வழக்கு. இதனைத் தொல்காப்பியம் வினையியலில் வழக்கென உடன்படுகிறது. நன்னூலும் அவ்வாறே உடன்படுகிறது. கரும்பு வெட்டியாயிற்று, நெல் அறுத்தாயிற்று என்று இவ்வூர்க் களத்துமேட்டில் சொல்வதும் அதனை ஒத்ததே. கரும்பு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாது. கேட்பவர்க்கு அது தெரியும். தொடர் சுருங்கி அழகாக முடிகிறது.

இத்துணை வளம் இருக்க, இன்று நடப்பது என்ன? பள்ளி வினாத்தாள்களில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக என்று கேட்கின்றனர். ஆங்கிலத்தில் அப்பயிற்சி தவறன்று. ஆயின் அதற்குத் தமிழில் பொருள் சொல்லும்போது, ‘என்னால் சோறு உண்ணப்பட்டது’, ‘கதவு திறக்கப்படட்டும்’ என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைக்கின்றனர். எந்தத் தாயும் தன் மகளிடம் ‘உன்னால் சோறு உண்ணப்பட்டதா?’ என்று கேட்டதில்லை. ‘உண்டாயா?’ என்றுதான் கேட்பாள். வகுப்பில் இதனைக் கேட்டுப் பழகிய பிள்ளை, வளர்ந்து செய்தி எழுதும்போதும் அறிக்கை எழுதும்போதும் அதே நடையைக் கைக்கொள்கிறது. ‘கூட்டம் நடத்தப்பட்டது’, ‘முடிவு எடுக்கப்பட்டது’, ‘கருத்துத் தெரிவிக்கப்பட்டது’ என்று தாள் முழுதும் ‘பட்டது’ மயம். ‘கூட்டம் நடந்தது’, ‘முடிவெடுத்தனர்’, ‘கருத்துரைத்தார்’ என்னும் தமிழ் வழக்குகள் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. சொல்லளவில் ஒன்றுகூட அயற்சொல் இல்லாத தொடரும் இவ்வாறு அயல்நடைத் தொடராக இருத்தல் கூடும். வடசொல்லைக் களைந்ததோடு தூய்மை முடிந்துவிட்டதாக எண்ணுவோர் இதனை நன்கு நோக்க வேண்டும். சொல் தமிழாயிருந்தால் மட்டும் போதாது. தொடரும் தமிழாயிருத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் ‘படு’ என்பதை அறவே ஒழித்துவிடலாமா? கூடாது. அதற்குரிய இடம் ஒன்றுண்டு. ஓர் ஊரில் ஏரிக்கரை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கரை உடைந்தது’ என்று ஒருவர் முறையீட்டில் எழுதினால், மழைநீர் மிகுந்து தானே உடைந்தது என்று பொருள். ‘கரை உடைக்கப்பட்டது’ என்று எழுதினால், எவனோ ஒருவன் கைவைத்திருக்கிறான் என்று பொருள். முன்னதில் வானத்தின்மேல் பழி. பின்னதில் மாந்தன்மேல் பழி. உடைத்தவன் பெயர் தெரியாதபோது உண்மையைச் சொல்ல ‘உடைக்கப்பட்டது’ என்பதே தக்க சொல். பெயர் தெரிந்தபின்னோ, ‘இன்னான் உடைத்தான்’ என்று செய்வினையால் எழுதுவதே நேர்மை. உடைந்தது, உடைக்கப்பட்டது, உடைத்தான் ஆகிய மூன்று சொற்களுக்கும் இடையே ஒருவனுடைய நிலமும் வாழ்வும் கிடக்கின்றன. இலக்கணம் ஏட்டுச் சுரைக்காய் என்பார்க்கு இந்த ஓர் எடுத்துக்காட்டுப் போதும்.

முன்னர்ச் சொன்ன நான்காம் பயனுக்கு இப்போது வருவோம். தமிழ்நாட்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் நிறைவேறியது. அலுவலகங்களில் தமிழ் ஏறியது பெரும்பேறே. ஆனால் ஆங்கிலக் கோப்பில் பழகிய கைகள், தமிழ் எழுத்தில் ஆங்கிலத் தொடரையே எழுதின. அத்தொடரின் உயிர்நாடி செய்தவனைச் சொல்லாமை. ‘ஆவன செய்யப்படும்’, ‘கவனிக்கப்படும்’, ‘மறுக்கப்படுகிறது’, ‘உரிய நேரத்தில் வழங்கப்படவில்லை’ என்னும் தொடர்களில் எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. செய்வேன் என்றால் செய்யாதவன் பிடிபடுவான். செய்யப்படும் என்றால் பிடிக்க எவனும் இல்லை.

ஆயினும் எல்லா இடத்திலும் ஆள் மறைவதில்லை. கட்டடத் திறப்புக் கல்லைப் பாருங்கள். ‘இன்னார் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது’ என்று ‘ஆல்’ பேரெழுத்தில் நிற்கும். அதே கட்டடம் மழையில் ஒழுகும்போது ‘பணியில் குறைபாடு காணப்படுகிறது’ என்று மட்டுமே எழுதுவர். அங்கே ‘ஆல்’ இல்லை. புகழுக்கு ஆல் உண்டு. பழிக்கு ஆல் இல்லை. இதுவே அலுவலகத் தமிழின் எழுதாத நூற்பா.

2024 சூன் திங்களில் இம்மாவட்டத் தலைநகராகிய கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் அதன் சூழலிலும் மெத்தனால் கலந்த நச்சுச் சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூலிக்குப் போய்க் குடும்பம் காத்தவர்கள் அவர்களுள் பலர். அத்தகைய கொடுமையைச் சொல்ல இரண்டு தொடர்கள் உள்ளன. ‘சாராயத்தில் நஞ்சு கலக்கப்பட்டிருந்தது, அது விற்கப்பட்டது’ என்பது ஒன்று. ‘நஞ்சைக் கலந்தவன் யார்? விற்றவன் யார்? கண்டும் காணாதிருந்தவன் யார்?’ என்பது மற்றொன்று. முதல் தொடரோடு நின்றுவிட்டால், நஞ்சு தானே வந்து கலந்ததுபோல் ஆகிவிடும். கலக்கப்பட்டது என்பதைக் கலந்தான் என்று மாற்றுவதற்கே புலனாய்வு என்று பெயர். அவ்வழக்கை 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் நடுவண் புலனாய்வுச் செயலகத்திற்கு மாற்றியது. ‘ஆல்’ நிற்க வேண்டிய இடம் வெற்றிடமாயிருக்கும்வரை அறம் நிறைவு பெறாது என்பதே அதன் உட்பொருள். விதவையர் கேட்ட கேள்வியும் இலக்கணத்தில் எழுவாயைத் தேடும் கேள்வியும் ஒன்றே: யார்?

ஆகவே, அன்பர்களே, செய்ய வேண்டியவை இவை. ஆங்கிலம் எழுதும்போது ஆங்கில முறைப்படி எழுதுக. பீ துணைவினையும் மூன்றாம் வடிவமும் வழுவாதிருக்கட்டும். தமிழ் எழுதும்போது முதலில் செய்வினையில் எழுதுக. செய்தவர் தெரியாவிடினும் சொல்ல வேண்டாவிடினும் மட்டுமே ‘படு’ என்பதை அழைக்க. ‘பட்டது’ என்று எழுதியவுடன் ‘யாரால்?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க. விடை தெரிந்திருந்தால் அவரையே எழுவாயாக்குக. ஆசிரியப் பெருமக்கள் இரு மொழிகளின் வேறுபாட்டையும் ஒருசேரக் காட்டிக் கற்பிக்க.

அலுவலகத்திலிருந்து மடல் வந்தாலும் இதே கேள்வியைக் கேட்கலாம். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று வந்தால், எடுக்க வேண்டிய அலுவலர் எவர், எந்த நாளுக்குள் எடுப்பார் என்று திருப்பி எழுதுக. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. பொதுத் தகவல் அலுவலர் பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தருதல் வேண்டும். ‘முறையீடு எந்த அலுவலரிடம் எந்த நாளில் சென்றது? அவர் என்ன எழுதினார்?’ என்று செய்வினையில் கேளுங்கள். செய்வினையில் கேட்ட கேள்விக்குச் செயப்பாட்டுவினையில் விடை சொல்லி நழுவுவது கடினம்.

இந்த ஒன்றியத்து ஊர்களில் கரும்பு வெட்டுவோரும் ஆடு மேய்ப்போரும் பேசும் தமிழில் செய்தவன் ஒருபோதும் ஒளிவதில்லை. நன்மை செய்தவனையும் அவர்கள் பெயர் சொல்லி வாழ்த்துவர். தீமை செய்தவனையும் பெயர் சொல்லித் தூற்றுவர். படித்தவர் எழுத்தும் அந்த நேர்மையை எட்டட்டும். மொழியில் எழுவாயை மறைக்க விடாத மக்கள், நாட்டில் குற்றவாளியையும் மறைய விடமாட்டார்கள்.